இரவுக் கணக்கைப் போட்டபிறகு ஆர்டர் கொடுங்கள்

வீட்டு சோலார் பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே வருத்தம்தான்: பணம் கட்டியாயிற்று, சந்தேகம் இப்போதுதான் வருகிறது. அதனால் இன்னும் ஆர்டர் கொடுக்காதவர்களின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, 3 கிலோவாட் பேனலும் 5 கிலோவாட்-மணி பேட்டரியும் போட்டால் இரவு முழுக்க வீடே ஓடும் என்று விற்க வந்தவர் சொல்கிறார். எங்கள் வீட்டில் ஒரு ஏசி, ஒரு ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், ஒரு தண்ணீர் மோட்டார் இருக்கின்றன. நம்பி ஆர்டர் கொடுக்கலாமா?

பதில்: ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்த ஏழு நாளும் மாலை 6 மணிக்கு ஒரு தடவை, காலை 6 மணிக்கு ஒரு தடவை கரண்ட் மீட்டரில் ஓடும் எண்ணை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். காலை எண்ணிலிருந்து முந்தைய மாலை எண்ணைக் கழித்தால், உங்கள் வீடு ஓர் இரவில் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு யூனிட்டும் ஒரு கிலோவாட்-மணியும் ஒன்றுதான். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான். மாடியை அளப்பதெல்லாம் அப்புறம்.

உங்கள் நோட்டு தயாராகும்வரை நான் ஒரு உத்தேசக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பழைய மாதிரி ஃபேன் 70 வாட் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஃபேன் 9 மணி நேரம் ஓட ஏறக்குறைய 1.9 யூனிட். 9 வாட் எல்இடி விளக்கு ஆறு, 5 மணி நேரம் எரிந்தால் கால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஃபிரிட்ஜின் இரவுப் பங்கு அரை யூனிட்டுக்கு மேலே கொஞ்சம். டிவி, வைஃபை சேர்த்து சுமார் 0.4. கூட்டினால் 3 யூனிட்டைத் தாண்டுகிறது. 5 கிலோவாட்-மணி பேட்டரியை அடிவரை வழித்து எடுக்கக் கூடாது, பத்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும். பேனல், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் சூடாகிப் போவதும் கொஞ்சம் உண்டு. ஆக உங்கள் கைக்கு வருவது சுமார் 4.2 யூனிட். இதுவரை சரி, தாராளமாகப் போதும்.

இப்போது ஏசியைச் சேருங்கள். ஒன்றரை டன் ஏசி ஆறு மணி நேரம் ஓடினால் சுமார் 5 யூனிட் ஆகிவிடும். மொத்தம் 8 யூனிட். 4.2 யூனிட் நள்ளிரவுக்கே தீர்ந்துபோகும். விற்க வந்தவர் ஏசியைக் கணக்கில் எடுக்காமல் சொல்லியிருக்க வேண்டும்.

மோட்டார் விஷயம் வேறு மாதிரி. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு எண், ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பது இன்னொரு எண். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் ஒரு இழுப்புக்கு ஒரு வாளிதானே வரும்? ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட் அளவில்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல் மூன்றிலிருந்து ஆறு மடங்குவரை கரண்ட் இழுக்கும். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் அந்த இழுப்பில் கட் ஆகிவிடக்கூடும். மோட்டாரைப் பகல் வேளையில், லைன் கரண்ட் இருக்கும்போது போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுங்கள், அதை பேட்டரியின் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று. மூன்று ஃபேனையும் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் இரவுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். அந்த ஒரு யூனிட்டுக்குக் கூடுதல் பேட்டரி வாங்குவதைவிட ஃபேன் வாங்குவது மிகவும் மலிவு. இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் விற்பது பேட்டரி.

கேள்வி: மாடியில் பேனல் போட்டு ஆறு மாதம் ஆகிறது. உச்சி வெயிலில் லைன் கரண்ட் போனால் எங்கள் வீட்டிலும் எல்லாம் நின்றுவிடுகிறது. வெயில் அடிக்கிறது, பேனல் இருக்கிறது, ஃபேன் மட்டும் சுற்றவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்களா சார்?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியைப் படித்ததும் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். இதே நிலையில் நானும் நின்றிருக்கிறேன்.

அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். மோட்டார், பேனல் போர்டு, வயரிங் எல்லாம் கைவந்த வேலை. சோலார் மட்டும் புதிது. வீட்டு மாடியில் போட்டுக்கொண்டோம், பில் பாதிக்கு மேல் குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு நாள் மதியம் 12 மணிக்கு லைன் போயிற்று. அம்மாவுக்கு மூச்சுத்திணறல் உண்டு, நெபுலைசர் வைக்கும் நேரம் அது. ‘மாடியில்தான் இருக்கிறதே’ என்று பிளக்கைச் செருகினேன். ஓடவில்லை. பக்கத்து வீட்டில் பேட்டரி வைத்த சாதாரண இன்வெர்ட்டர் இருந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு, அம்மாவையும் கைத்தாங்கலாக அங்கே கூட்டிக்கொண்டு போனோம். தலைக்கு மேல் பேனல்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. விற்றவர் பொய் சொல்லவில்லை, ஆனால் லைன் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்த மதியத்தால்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். பேட்டரி இல்லாமல் லைனோடு மட்டும் இணைத்த இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றதும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கான சர்வதேசச் சோதனையில் 2 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்பது அளவு. நிற்காவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் வெளியே கம்பியில் போகும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் கையில் அது பாயும். ஆகவே உங்கள் இன்வெர்ட்டர் பழுதாகவில்லை, செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது.

லைன் போனாலும் வீடு ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அது லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு உள்ளே மட்டும் கொடுக்கும். உங்கள் பேனல்களும் அவற்றைத் தாங்கும் ஃபிரேமும் அப்படியே பயன்படும், கழற்றி எறிய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் பேக்கப் என்று தனி அவுட்புட் இருக்கும். அதிலிருந்து தனி சர்க்யூட் இழுத்து விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், வீட்டில் மருத்துவக் கருவி இருந்தால் அதன் பிளக் எல்லாவற்றையும் அதில் கொடுக்க வேண்டும். ஹைப்ரிட்டும் வாங்கி, பேட்டரியும் வாங்கி, பேக்கப் அவுட்புட்டில் ஒரு கம்பிகூட மாட்டாமல் விட்டுப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். லைன் போகும் நாள்வரை அது வெளியே தெரியாது.

கேள்வி: பேட்டரி முதலில் வந்துவிட்டது, பேனல் வர இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். பெட்டியிலேயே இருந்தால் கெட்டுவிடுமா?

பதில்: எந்த பேட்டரி என்று நீங்கள் எழுதவில்லை. லித்தியம் என்றால் பயப்பட வேண்டாம். பொதுவாகப் பாதி அளவோ அதற்குக் குறைவாகவோ சார்ஜ் செய்துதான் அனுப்புவார்கள், சும்மா இருக்கும்போது மாதத்துக்குச் சில சதவீதம்தான் இறங்கும். சுவிட்ச் இருந்தால் அணைத்து, வெயில் படாத, குளிர்ச்சியான அறையில் வையுங்கள். தகரக் கூரை போட்ட மாடி அறை வேண்டவே வேண்டாம். லெட்-ஆசிட் என்றால் இரண்டு மாதத்துக்குள் ஒரு தடவை முழுதாக சார்ஜ் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு பழைய கொள்ளளவு திரும்பாது.

நான் கவலைப்படுவது வாரண்டியைப் பற்றி. அது எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? கிடங்கிலிருந்து கிளம்பிய நாளா, உங்கள் வீட்டில் ஓடத் தொடங்கிய நாளா? இன்றைக்கே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இனி ஆர்டர் கொடுப்பவர்கள் இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். முடிந்தால் பேனல், ஃபிரேம், இன்வெர்ட்டர் எல்லாம் மாடி ஏறிய பிறகு பேட்டரியைக் கடைசியாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: லித்தியம் வாங்குவதா, பழைய மாதிரி லெட்-ஆசிட் வாங்குவதா? லித்தியம் தீப்பிடிக்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: லெட்-ஆசிட் பேட்டரியை 1859-இல் பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளான்தே உருவாக்கினார். இத்தனை காலம் நின்ற பொருளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. எப்போதாவது லைன் போகும் வீட்டுக்கு, மாதத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் பயன்படும் என்றால், அதுவே போதும்.

ஆனால் சோலாரோடு சேரும் பேட்டரி தினமும் பகலில் நிறைந்து இரவில் இறங்க வேண்டும். அங்கேதான் லெட்-ஆசிட் களைத்துப்போகிறது. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். அது நீண்ட காலம் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 0.9 யூனிட்தான் உங்களுடையது. விலை ஒப்பிடும்போது பலர் தவறுவது இங்கேதான், 1.8-ஐ வைத்து ஒப்பிடுகிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் பத்தில் எட்டு ஒன்பது பங்குவரை எடுக்கலாம், பல ஆயிரம் முறை ஏற்றி இறக்கலாம்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். லித்தியம் என்பது ஒரே பொருள் அல்ல. நிக்கல், கோபால்ட் கலந்த வகை வேறு, இரும்பு பாஸ்பேட் வகை வேறு. இரண்டாவது வகையை 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் கண்டறிந்தார்கள். லித்தியம்-அயான் பேட்டரிக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இந்த வகை சூட்டை அதிகம் தாங்கும், எளிதில் கட்டுமீறிப் போகாது. அதற்காகப் படுக்கையறையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்துவிடாதீர்கள். ஒரு ஆபத்து என்றால் வீட்டார் வெளியேறும் வழியில் பேட்டரி நிற்கக் கூடாது. காற்றோட்டமான, வெயில் நேரே படாத சுவர் ஓரம் நல்லது. லெட்-ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதற்கும் காற்றோட்டம் கட்டாயம். குளிர்ப் பகுதிக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் ஏற்றக் கூடாது.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் பேனல் மேம்பட்டுக்கொண்டே போகிறதே, இரண்டு வருடம் காத்திருந்தால் நல்லதல்லவா?

பதில்: காத்திருக்க வேண்டாம். பேனலில் கட்டம் கட்டமாகத் தெரிவதுதான் செல். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் காட்டிய சிலிக்கான் செல், விழும் வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல் 20 முதல் 23 சதவீதம்வரை தருகிறது. சாதாரண ஒற்றை அடுக்கு சிலிக்கானால் 29 சதவீதத்துக்கு மேல் போக முடியாது என்பது இயற்பியல் போட்ட எல்லை. இரண்டு வருடத்தில் ஒன்றிரண்டு சதவீதம் கூடலாம். அதற்குள் நீங்கள் இரண்டு வருட வெயிலை விட்டுவிட்டிருப்பீர்கள்.

கேள்வி: 550 வாட் என்று எழுதிய பேனல் ஒரு நாள்கூட 550 காட்டவில்லை. போலியா?

பதில்: இல்லை. அந்த எண், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெயிலில் கிடக்கும் பேனலின் செல் 60 டிகிரிவரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும், 35 டிகிரிக்கு 12 சதவீதம். 550-இல் 484 மிச்சம். அதனால்தான் பேனலைக் கூரையோடு ஒட்டிப் படுக்கவைக்காமல் கீழே காற்று ஓட இடம்விடச் சொல்கிறோம். நீங்கள் 300-ஐத் தாண்டாத நிலை, அதுவும் மேகமில்லாத உச்சி வெயிலில் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் ஒரு பேனலின் மூலையில் மட்டும் விழுகிறது. ஒரு மூலைதானே, பரவாயில்லை என்கிறார் பொருத்துபவர்.

பதில்: பரவாயில்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. பேனலுக்குள் செல்கள் சங்கிலிபோல் தொடராக இருக்கின்றன. ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதின் ஓட்டமும் தடைப்படும். தடைப்பட்ட வரிசையைச் சுற்றிப் போக வழக்கமாக ஒரு பேனலில் மூன்று பைபாஸ் டயோடு இருக்கும். ஆக மூலையில் உள்ளங்கை அகல நிழல், பேனலின் மூன்றில் ஒரு பங்கைப் படுக்கவைத்துவிடலாம். ஆன்டெனா கம்பி, துணி காயப்போடும் கயிறுகூட நிழல்தான்.

காலை 9 மணி வரைக்கும்தான் நிழல் என்றால் விட்டுவிடுங்கள், அந்நேரம் விளைச்சலே குறைவு. 10 மணிக்கு மேலும் இருந்தால் அந்தப் பேனலை இடம் மாற்றச் சொல்லுங்கள். இடமே இல்லையென்றால் பேனலுக்குப் பேனல் தனியாக மாட்டும் ஆப்டிமைசர் அல்லது மைக்ரோ இன்வெர்ட்டர் பற்றிக் கேளுங்கள், அதில் ஒரு பேனலின் குறை மற்றதைத் தொடாது. நிழலை எந்த மாதத்தில் பார்த்தார் என்பதும் முக்கியம். சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களில் அதே தொட்டியின் நிழல் இன்னும் நீளும்.

கேள்வி: எனக்கு 68 வயது, தனியாக இருக்கிறேன். அடுத்த வாரம் பேனலும் பேட்டரியும் பொருத்த வருகிறார்கள். முடிந்ததும் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு இதெல்லாம் தெரியாது. எதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்?

பதில்: அம்மா, கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன. நீங்கள் மாடி ஏற வேண்டாம், போனில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில், யாரும் பேனலின்மேல் ஏறி நிற்கவோ முட்டிபோடவோ கூடாது. கண்ணாடி உடையாது, உள்ளே செல் மயிரிழையாக விரிசல் விடும். அது சில வருடம் கழித்துத்தான் தெரியும். இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பெரியவர் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்தது பேனலையும் வயரையும் சேர்க்கும் கனெக்டர். எம்சி4 என்பார்கள், கறுப்பாக, சொடுக்கென்று பூட்டிக்கொள்ளும். அதன் ஆண் முனையும் பெண் முனையும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். வேறுவேறு நிறுவனத்தின் கனெக்டர்கள் பார்க்கப் பொருந்தினாலும் உள்ளே சரியாகத் தொடாமல் சூடாகி உருகும். பேனலிலிருந்து வருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டு லைனில் வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் விநாடிக்குப் பல தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டு வருவதால் தீப்பொறி தானே அறுந்துவிடும். டிசியில் அந்த வசதி இல்லை, பற்றினால் பற்றியபடி எரியும். நான் மிகவும் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். கனெக்டர்கள் கூரையில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்கக் கூடாது, ஃபிரேமோடு கட்டித் தூக்கியிருக்க வேண்டும்.

ஃபிரேமிலிருந்து எர்த் வயர் தரைவரை வருகிறதா, இடிமின்னலுக்கான சர்ஜ் அரெஸ்டர் பெட்டியில் இருக்கிறதா, டிசி ஐசோலேட்டர் என்ற கைப்பிடி சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கூரையில் துளை போட்ட இடமெல்லாம் அடைத்திருக்கிறார்களா என்பதை முதல் மழை சொல்லும். அதனால் கடைசித் தவணையில் ஒரு பகுதியை அதுவரை வைத்துக்கொள்ளலாமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி உண்டு, அதை அப்படியே படித்துக் காட்டுங்கள்: ‘குளிர் அதிகமான காலையில் பேனல் வரிசையின் வோல்டேஜ் எவ்வளவு போகும், இன்வெர்ட்டர் எவ்வளவு தாங்கும்?’ குளிரில் பேனலின் வோல்டேஜ் ஏறும். 49.5 வோல்ட் பேனல் பத்தைத் தொடராக மாட்டினால் 495 வோல்ட். 5 டிகிரி குளிரில் அது 520-ஐத் தாண்டிவிடும். 500 வோல்ட் தாங்கும் இன்வெர்ட்டர் அதில் போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. இதற்குக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுபவர் வேலை தெரிந்தவர்.

எல்லாம் முடிந்து பேப்பரை நீட்டுவார்கள். பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் மூன்றின் சீரியல் எண்ணும் அதில் இருக்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அவர்கள் வீட்டில் இருக்கும்போதே, மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று அறை அறையாகப் போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரம் அப்படியே ஓடட்டும். அந்த ஒரு மணி நேரம் அவர்களும் உங்களோடு உட்கார்ந்திருக்கட்டும். பிறகு மெயினைப் போட்டுவிட்டு, பேனாவை எடுங்கள்.